ஒரு லட்சம் பார்வைக்கு எத்தனை ரூபா? வன்னியில் படம் எடுப்பவர்களுக்கு ஓடிடிக் கணக்கு

“ஒரு லட்சம் பேர் பார்த்திட்டினம். பிறகேன் கமரா வாடகைகூட வரேல்லை?”

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிற பிள்ளைகள் யாரோடு கதைத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நியாயமான கேள்வி. கதை எழுதுவது எப்படி, ஒளிப்பதிவு செய்வது எப்படி, எடிட் பண்ணுவது எப்படி என்று சொல்லித்தர எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. எடுத்து முடித்த படத்தின் காசு எந்த வழியால், எந்தக் கணக்கில், எத்தனை கை மாறி எங்களிடம் வருகிறது என்று எங்கள் நிலைமைக்குப் பொருத்தமாகச் சொல்பவை குறைவு. அந்தக் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம்.

சிறு படம் என்று நான் சொல்வது எதை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலியாணவீடு, சாமத்தியவீடு எடுக்கிற ஸ்டூடியோவிடம் வேலை இல்லாத நாள் பார்த்துக் கமராவும் லென்சும் வாங்கி, பாடசாலை நாடகத்திலும் கூத்திலும் ஆடிய ஊர்ச் சனத்தை நடிக்கவைத்து, யாரோ ஒருவர் வீட்டில் சமைத்து எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்து, அறுவடை முடிந்து சனம் ஓய்வாக இருக்கிற கிழமைகளில் எடுக்கிற படம். கையிலிருந்த காசும், வெளிநாட்டில் இருக்கிற ஒரு மாமாவோ அண்ணாவோ அனுப்பிய காசும்தான் முதல். கட்டுரை முழுக்க ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: நீளம் 80 நிமிடம், செலவு 12 இலட்சம் ரூபா. டொலரையும் கணக்கு இலேசாக 300 ரூபா என்று வைப்போம்.

பார்வை வேறு, காசு வேறு

வன்னியில் மின்சாரம் இல்லாத 90களை நினைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜெனரேட்டர், ரீவி, டெக், சில படக் கசெற் எல்லாவற்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்ப்பார்கள். முற்றத்தில் படங்கு விரித்து விடிய விடியப் படம் ஓடும். டெக்காரருக்கு வாடகை கிடைக்கும், மண்ணெண்ணெய் விற்றவருக்குக் கிடைக்கும். படம் எடுத்தவருக்கோ, கசெற் விற்ற அன்றைக்கு ஏதும் கிடைத்திருந்தால் அதோடு சரி. முற்றத்தில் 20 பேர் இருந்தாலும் 200 பேர் இருந்தாலும் அவர் பக்கத்தில் மாற்றமில்லை.

இணையத்தில் படம் காட்டுகிற இன்றைய தளங்களை (ஓடிடி) பற்றி யார் எதைச் சொன்னாலும் இந்த முற்றத்தை வைத்து மூன்று கேள்வி கேட்டால் போதும். காசு சேர்ப்பது யார்? எதற்குச் சேர்க்கிறார், மாதத்துக்கா, படத்துக்கா, விளம்பரத்துக்கா? அதில் படம் எடுத்தவருக்கு எந்த அளவுகோலால் பிரிக்கிறார்? மூன்றாவது கேள்விக்குத்தான் தளத்துக்குத் தளம் பதில் வேறு.

மொத்தமாக வாங்குவது

நெட்பிளிக்ஸ் போன்ற சந்தாத் தளங்களின் வழக்கம் இது. இத்தனை வருடத்துக்கு, இன்னின்ன நாடுகளுக்கு என்று உரிமையை ஒரு தொகைக்கு வாங்கிவிடுவார்கள். பிறகு படத்தை எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் அந்தத் தொகை கூடாது. எவரும் பார்க்காவிட்டாலும் குறையாது. படத்துக்குச் செலவழித்த காசு ஒரே தடவையில் திரும்பி வருவதால் சிறு தயாரிப்பாளருக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை. ஆனால் அந்தக் கதவு எங்களைப் போன்றவர்களுக்கு நேரே திறப்பதில்லை. தெரியாத ஆள் தானாக அனுப்புகிற படத்தை நெட்பிளிக்ஸ் எடுத்துக்கொள்ளாது. அவர்களோடு ஏற்கெனவே தொடர்புள்ள ஒரு முகவரோ விநியோகஸ்தரோ ஊடாகத்தான் போகவேண்டும்.

பார்வைக்கு ஏற்ற காசு வேண்டும் என்று கேட்டது சிறிய ஆட்கள் மட்டுமல்ல. ஹொலிவூட் எழுத்தாளர் சங்கம் 2023 மே 2 முதல் செப்டெம்பர் 27 வரை வேலைநிறுத்தம் செய்ததில் இதுவும் ஒரு கோரிக்கை. அவ்வளவு போராடியும் கிடைத்தது என்ன? பெரிய செலவில் எடுத்த தொடரோ படமோ, வெளியாகி 90 நாளுக்குள் அமெரிக்கச் சந்தாதாரரில் 20 வீதத்துக்கு ஈடான அளவு பார்க்கப்பட்டால் ஒரு மேலதிகத் தொகை. எத்தனை மணித்தியாலம் பார்க்கப்பட்டது என்ற கணக்கைக்கூட நெட்பிளிக்ஸ் தன் படங்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் சேர்த்து முதன்முதலில் வெளியிட்டது 2023 டிசெம்பரில்தான். 18,000க்கும் மேற்பட்ட தலைப்புகள், அரை வருடத்தில் ஏறத்தாழ 10,000 கோடி மணித்தியாலம். அதுவரை தங்கள் படம் எவ்வளவு ஓடியது என்று முழுதாகத் தெரியாமலே அடுத்த படத்துக்கு விலை பேசினார்கள் பெரிய இயக்குநர்கள் பலர்.

தமிழ்நாட்டில் 2020, 2021இல் திரையரங்குகள் மூடிக் கிடந்தபோது ஓடிடிக்காரர்கள் சிறு படங்களையும் நேரடியாக வாங்கினார்கள். அந்தக் காலத்துச் செய்திகளைப் படித்துவிட்டு “ஓடிடிக்கு வித்திடலாம்” என்று இன்றைக்கும் இங்கே திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிலைமை மாறிவிட்டது. 2022இன் முதல் மூன்று மாதத்தில் நெட்பிளிக்ஸ் 2 இலட்சம் சந்தாதாரரை இழந்தது. ஒரே நாளில் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாத் தளங்களும் சந்தாதாரர் எண்ணிக்கையை விட்டு இலாபத்தைப் பார்க்கத் தொடங்கின. வாங்குகிற படம் குறைந்தது. திரையரங்கில் ஓடிக் காட்டு, பிறகு விலை பேசுவோம் என்ற பேச்சு சென்னையிலேயே வழக்கமாகிவிட்டது. சென்னையில் பெயர் தெரிந்த நடிகர் நடித்த சிறு படமே விலை போகாமல் நிற்கிறபோது, புதுக்குடியிருப்பில் புதுமுகங்களை வைத்து எடுத்த படத்தின் வரவு செலவுத் திட்டத்தில் “ஓடிடி உரிமை: இத்தனை இலட்சம்” என்று ஒரு வரி எழுதுவது ஆபத்தான வேலை. அந்த வரியை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

மணித்தியாலக் கணக்கு

பார்த்த மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று காசு தருவதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமேசன். 2016இல், பின்னர் பிரைம் வீடியோ டிரெக்ட் எனப்பட்ட வழியைத் திறந்து, யாரும் தங்கள் படத்தைத் தாங்களே ஏற்றலாம் என்றார்கள். பிரைம் சந்தாதாரர் பார்க்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அமெரிக்காவில் 15 சதம், மற்ற நாடுகளில் 6 சதம். சதம் என்பது அமெரிக்கச் சதம்.

எங்கள் 80 நிமிடப் படத்தை ஒருவர் கடைசிப் பெயர்ப் பட்டியல் வரை பார்த்தால், மணித்தியாலத்துக்கு 15 சதம் என்ற கணக்கில் 20 சதம், அதாவது 60 ரூபா. 12 இலட்சத்தைத் திரும்ப எடுக்க 20,000 பேர் முழுதாகப் பார்க்கவேண்டும். மணித்தியாலத்துக்கு 6 சதம் என்றால் ஒருவருக்கு 24 ரூபா. 50,000 பேர் தேவை. பிறகு அமேசன் இந்த வீதங்களை மாற்றிக்கொண்டே போனது. படத்துக்கு எவ்வளவு வரவேற்பு என்று அவர்களே தரம் பிரித்து, கீழ்த் தரத்துக்கு மணித்தியாலத்துக்கு 1 சதம் என்கிற அளவுக்கு இறக்கினார்கள். அந்த வீதத்தில் ஒருவர் முழுப்படம் பார்த்தால் எங்களுக்கு 4 ரூபா. 12 இலட்சத்துக்கு 3 இலட்சம் பேர், அதுவும் பாதியில் நிறுத்தாமல். 2021 பெப்ரவரியில் ஆவணப்படங்களையும் குறும்படங்களையும் இந்த வழியால் சந்தாவுக்குள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது சதத்தின் அளவை மட்டுமல்ல. வீதத்தை வைப்பதும் அவர்கள், மாற்றுவதும் அவர்கள், படத்தை எடுத்துவிடுவதும் அவர்கள். இரண்டு வருடம் பாடுபட்டு எடுத்த படத்தின் வருமானம் ஓர் அறிவித்தலில் ஆறில் ஒன்றாகலாம். மணித்தியாலக் கணக்கை மட்டும் நம்பி ஒரு முழுநீளப்படத்துக்குச் செலவழிக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

விளம்பரக் காசு: யூடியூப்

எங்களில் பெரும்பாலானவர்கள் போய்ச் சேருகிற இடம் இது. அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

யூடியூபில் படத்தை ஏற்றியதும் காசு வரத் தொடங்குவதில்லை. சனலுக்கு 1,000 சந்தாதாரர் சேரவேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணித்தியாலம் பார்க்கப்பட்டிருக்கவேண்டும். குறுவீடியோ (ஷோர்ட்ஸ்) போடுகிறவர்களுக்கு மணித்தியாலத்துக்குப் பதில் 90 நாளில் 1 கோடி பார்வை. 20 நிமிடக் குறும்படம் ஒன்றை ஆளுக்குச் சராசரியாக 8 நிமிடம் பார்க்கிறார்கள் என்றால் 4,000 மணித்தியாலத்துக்கு 30,000 பார்வை வேண்டும். அந்தத் தகுதி கிடைப்பதற்கு முன்னர் வந்த பார்வைக்கு ஒரு சதமும் இல்லை. பின்னோக்கிக் கணக்குப் பார்த்துத் தரமாட்டார்கள்.

கட்டுரையின் தொடக்கத்துக் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. ஒரு படத்துக்கென்றே புதுச் சனல் திறக்கிறோம், பெரிய படத்தை முதலில் போடுகிறோம், ஊரும் வெளிநாடும் சேர்ந்து முதல் இரண்டு கிழமையில் பகிர்ந்து தள்ளுகிறது. அந்த அலை முழுவதும் தகுதி வரும் முன்னரே கடந்து போய்விடும். சனலில் முதலில் சின்னச் சின்ன வேலைகளைப் போட்டு, தகுதியை வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு படத்தை விடுவதுதான் ஒழுங்கு. படப்பிடிப்பு நடக்கிற காலத்திலேயே அந்த இடத்துக் காட்சிகள், நடிகர்களோடு பேச்சு, ஒப்பனை, ஒத்திகை என்று போட்டுக்கொண்டு வந்தால் நல்லது.

தகுதி வந்த பிறகு, படத்துக்கு முன்னாலும் இடையிலும் ஓடுகிற விளம்பரத்தின் வருமானத்தில் 55 வீதம் எடுத்தவருக்கு, 45 வீதம் யூடியூபுக்கு. குறுவீடியோவில் இது மறுவளம்: எடுத்தவருக்கு 45 வீதம்தான். 8 நிமிடமோ அதற்கு மேலோ உள்ள வீடியோவுக்குத்தான் இடையில் விளம்பரம் வைக்கலாம். 7 நிமிடக் குறும்படத்தை இழுத்து 8 ஆக்கச் சொல்லமாட்டேன். ஆனால் 7 நிமிடம் 50 செக்கன்டில் முடிகிற படத்துக்குப் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் ஆறுதலாக ஓடவிடுவதில் பிழையில்லை.

சரி, 55 வீதம் என்றால் எத்தனை ரூபா? அது பார்க்கிறவர் எங்கே இருக்கிறார் என்பதில் தங்கியிருக்கிறது. விளம்பர இடம் ஒவ்வொரு தடவையும் ஏலத்தில் போகிறது. ஒருவர் படத்தைத் திறக்கிற கணத்திலேயே, அந்த ஆளுக்கு விளம்பரம் காட்ட யார் கூடக் கொடுப்பார் என்று கணினி ஏலம் விட்டு முடித்துவிடும். கனடாவின் ஸ்காபரோவில் இருப்பவருக்கு விளம்பரம் காட்ட அங்குள்ள வங்கியும் காப்புறுதிக் கொம்பனியும் வாகனக் கொம்பனியும் போட்டி போடும். ஒட்டுசுட்டானில் இருப்பவருக்கு அந்தப் போட்டி இல்லை. அதே படம், அதே நிமிடம், விலை பல மடங்கு வித்தியாசம்.

கணக்குக்காக மட்டும் இரண்டு எண்களை வைத்துப் பார்ப்போம். ஆயிரம் பார்வைக்கு உங்கள் கைக்கு வருவதை ஆர்பிஎம் என்பார்கள். அது அரை டொலர் என்றால் ஒரு லட்சம் பார்வைக்கு 50 டொலர், 15,000 ரூபா. அது 4 டொலர் என்றால் அதே ஒரு லட்சத்துக்கு 400 டொலர், 1,20,000 ரூபா. உங்கள் சனலின் உண்மையான எண் யூடியூப் ஸ்டூடியோவில் நாடு நாடாகப் பிரித்துக் கிடக்கும். மொத்தப் பார்வையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் அதைத் திறந்து பாருங்கள். கணக்கில் 100 டொலர் சேரும்வரை யூடியூப் காசை அனுப்பாது என்பதையும் இதோடு சேர்த்து வையுங்கள். மேலே சொன்ன முதல் கணக்கில் ஒரு லட்சம் பார்வை வந்தும் வங்கிக்கு ஒரு சதமும் வராது.

ஆகவே எங்கள் படத்தின் விளம்பரக் காசு பெரும்பகுதி புலம்பெயர்ந்த உறவுகளின் திரையிலிருந்துதான் வருகிறது. அவர்கள் பார்க்கிற நேரத்துக்கு வெளியிடுங்கள்: எங்களுடைய ஞாயிறு விடியற்காலை ரொறொன்ரோவில் சனி பின்னேரம். அவர்களின் பிள்ளைகளுக்காக ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளில் வசனவரி போடுங்கள். சுவிசிலும் பிரான்சிலும் வளர்ந்த பிள்ளை அம்மாவோடு இருந்து பார்க்க அது வேண்டும், பார்க்கிற நிமிடமும் அதனால் கூடும்.

மஞ்சள் டொலர்

இந்தப் பகுதி எனக்கு மிகவும் நோகிற பகுதி. யூடியூப் ஒவ்வொரு வீடியோவையும் விளம்பரதாரருக்கு ஏற்றதா என்று தரம் பார்க்கிறது. ஏற்றதென்றால் பச்சை டொலர் அடையாளம். மஞ்சள் என்றால் விளம்பரம் மட்டுப்படுத்தப்படும், அல்லது வராது. வன்முறை, போர், இரத்தம், அண்மைய பேரழிவு, சர்ச்சைக்குரிய விடயம் எல்லாம் மஞ்சளுக்குள் விழக்கூடியவை.

வன்னியில் ஒருவர் உண்மையாக ஒரு கதை சொல்ல வெளிக்கிட்டால் அது எங்கே போய் நிற்கும்? பங்கர், இடப்பெயர்வு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம், காணாமல்போன பிள்ளையின் படத்தோடு வீதியோரக் கொட்டகையில் இருக்கிற தாய். எங்கள் வாழ்க்கையே அந்த அட்டவணையில் “உணர்வுபூர்வமானது” என்ற பெட்டிக்குள் கிடக்கிறது. யாரும் வேண்டுமென்று எங்களைக் குறிவைத்துச் செய்ததல்ல; சவர்க்காரம் விற்கிறவர் தன் விளம்பரத்துக்குப் பக்கத்தில் பிணத்தைப் பார்க்க விரும்புவதில்லை என்பதிலிருந்து வந்த விதி. ஆனால் விளைவு என்ன? பகிடி வீடியோ எடுக்கிறவருக்குக் காசு வரும், தன் ஊரின் கதையை எடுக்கிறவருக்கு வராது. காலப்போக்கில் எந்தப் படம் எடுக்கப்படுகிறது என்பதையே இது மாற்றிவிடும். இளம் பிள்ளைகள் போரைத் தொடாத கதைகளைத் தேர்வது சுதந்திரமான தேர்வாக இருந்தால் சந்தோசம்; மஞ்சள் டொலருக்குப் பயந்து என்றால் அது இழப்பு.

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. நாடகமாக நடித்த காட்சிக்கும் உண்மையான காட்சிக்கும் விதியில் வித்தியாசம் உண்டு. நடித்த காட்சிக்குக் கூடுதல் இடம் உண்டு. முகப்புப் படத்தில் இரத்தமும் துப்பாக்கியும் வைக்காதீர்கள், தலைப்பில் அதிர்ச்சிச் சொல் போடாதீர்கள். கணினி மஞ்சள் கொடுத்தால் மனிதர் பார்க்கும்படி மேன்முறையீடு செய்யும் பொத்தான் அங்கேயே இருக்கிறது. வெளியிடுவதற்கு முதலே படத்தை மறைவில் ஏற்றி, அடையாளம் என்ன நிறத்தில் வருகிறது என்று பார்த்து, மேன்முறையீட்டை முடித்துவிட்டு வெளியிடுங்கள். முதல் கிழமைப் பார்வையை மஞ்சளில் கரைக்காதீர்கள்.

இன்னொரு ஓட்டை பாட்டு. வற்றாப்பளைப் பொங்கலில் ஒரு காட்சி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சுற்றிவரக் கடைகளில் ஸ்பீக்கர், அதில் தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டு. கதாநாயகி கச்சான் வாங்கிக்கொண்டு நடக்கிற அந்த 40 செக்கன்டில் பின்னால் பாட்டு கேட்டால் போதும், உரிமையுள்ள பாட்டை அடையாளம் காண்கிற யூடியூபின் கன்டென்ட் ஐடி அதைப் பிடித்துவிடும். பாட்டின் உரிமையாளர் வீடியோவை முடக்கலாம், அல்லது முழு வீடியோவின் விளம்பரக் காசையும் தன் பக்கம் திருப்பலாம். 40 செக்கன்டுக்கு 80 நிமிடத்தின் காசு. ஆகவே திருவிழா, கலியாணவீடு, தேத்தண்ணிக்கடை, பஸ் இவற்றுக்குள் எடுக்கிற காட்சிகளில் கதைக்கிற சத்தத்தைப் பாட்டு இல்லாத வேறு நேரத்தில் எடுத்து ஒட்டுங்கள். உங்கள் இசையமைப்பாளரிடமிருந்து, அவர் நண்பனாக இருந்தாலும், இந்தப் படத்துக்கு இந்த இசையைப் பாவிக்க உரிமை தருகிறேன் என்று ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஆளுக்கு ஆள் விற்பது

பார்க்க விரும்புகிறவர் இந்தப் படத்துக்கென்று காசு கட்டிப் பார்ப்பது நாலாவது வழி. விமியோ என்ற வீடியோத் தளம் 2013இல் ஒன் டிமாண்ட் என்ற விற்பனை வழியைத் தொடங்கியபோது பரிமாற்றச் செலவு போக 90 வீதம் படம் எடுத்தவருக்கு என்றது. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் தளத்தில் ஒரு முழுநீளப்படத்துக்கு 75 இந்திய ரூபா. அதில் பாதி தயாரிப்பாளருக்கு. அரசே நடத்துகிற தளம், பார்த்தால்தான் காசு, பார்த்த காசில் பாதி உனக்கு என்று வெளிப்படையாகச் சொல்கிற தளம். எங்களுக்கு அப்படியொன்று இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

எங்கள் 12 இலட்சத்துக்கு இந்த வழியால் கணக்குப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிறவருக்கு ஒரு பார்வை 5 டொலர். 90 வீதம் என்றால் 4.50 டொலர், 1,350 ரூபா. பரிமாற்றச் செலவை விட்டால் 900 பேர் வாங்கினால் போட்ட காசு வந்துவிடும். மணித்தியாலக் கணக்கில் 50,000 பேரும், அதுவும் கீழ்த் தரத்தில் 3 இலட்சம் பேரும் தேவைப்பட்ட அதே 12 இலட்சம்.

900 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை. எந்தப் பெரிய பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கும் லண்டனில் ஒரு கிளை, கனடாவில் ஒரு கிளை, சுவிசில் ஒரு கிளை இருக்கிறது. ஊர்ச் சங்கங்களுக்கும் அப்படித்தான். கோயில் கோபுரத்துக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் காசு சேர்க்கிற அதே வாட்ஸ்அப் குழுக்கள். மல்லாவியில் எடுத்த படத்தை மல்லாவியை விட்டுப் போனவர் 5 டொலர் கொடுத்துப் பார்ப்பார். அவருக்கு அது படம் மட்டுமல்ல, தான் நடந்த ஒழுங்கை.

வன்னியில் இருக்கிறவர்கள்? பலரிடம் இணையத்தில் கட்டக்கூடிய வங்கி அட்டை இல்லை. இருந்தாலும் 1,500 ரூபா ஒரு நாள் கூலியின் கணிசமான பங்கு. அவர்களிடம் அந்த விலை கேட்பது சரியும் அல்ல, நடக்கப்போவதும் அல்ல. சனசமூக நிலைய மண்டபங்களில் திரையிட்டுக் காட்டலாம். பொதுவில் காட்டுவதற்குத் தணிக்கைச் சான்று எடுக்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழா போன்ற இடங்களுக்கும் அனுப்பலாம். விழாவால் காசு வராது, பேர் வரும்; அந்தப் பேரைக் காட்டித்தான் 5 டொலர் கேட்கமுடியும்.

ஆகவே நான் சிபாரிசு செய்கிற ஒழுங்கு இதுதான்: முதலில் விழா, ஊர்த் திரையிடல், பிறகு சில மாதம் வெளிநாட்டுக்குக் காசுக்கு, அது ஓய்ந்த பிறகு யூடியூபில் எல்லோருக்கும் இலவசமாக. தலைகீழாகச் செய்தால், இலவசமாகக் கிடக்கிற படத்தை எவரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்.

இடையில் நிற்கிறவர்கள்

பெரிய தளங்களில் உங்கள் படத்தை ஏற்றித் தருகிறோம் என்று முகவர்கள் வருவார்கள். சிலர் முன்கூட்டியே கட்டணம் கேட்பார்கள், சிலர் வருமானத்தில் 20, 25 வீதம் கேட்பார்கள். அதில் தவறில்லை. கவனிக்கவேண்டியது, வருமானம் யார் கணக்குக்கு முதலில் போகிறது என்பது. அமெரிக்காவில் டிஸ்ட்ரிப்பர் என்ற முகவர் நிறுவனம் 2019இல் வீழ்ந்தபோது, படங்கள் தளங்களில் ஓடிக்கொண்டிருக்க, அவற்றின் காசு எடுத்தவர்களுக்குப் போய்ச் சேராமல் நின்றது. ஒப்பந்தத்தில் “செலவு கழித்து” என்று ஒரு வரி இருந்தால், எந்தச் செலவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். உச்சம் எழுதப்படாத செலவு உங்கள் பங்கை முழுதாகத் தின்றுவிடும். எல்லா நாட்டுக்கும், எல்லா வடிவத்துக்கும், காலவரையின்றி என்று ஒருவரே மூன்றையும் கேட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.

காசு வீட்டுக்கு வருகிற வழி

யூடியூப் காசு அட்சென்ஸ் என்ற கூகிளின் விளம்பரக் கணக்கால் வருகிறது. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் உங்கள் விலாசத்தை உறுதிப்படுத்த ஒரு பின் இலக்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள். மீள்குடியேற்ற வீட்டுத்திட்டங்களில் பல வீடுகளுக்கு ஒழுங்கான இலக்கமே இல்லை. வங்கிக் கடிதமும் பரீட்சைக் கடிதமும் எந்த விலாசத்துக்குத் தவறாமல் வருகிறதோ அதே விலாசத்தை, உப தபாலகத்தின் பெயரோடு, எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். தபாற்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கடிதம் வராவிட்டால் மீண்டும் கேட்கலாம். ஆனால் 4 மாதத்துக்குள் இலக்கத்தைப் பதியாவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது அமெரிக்க வரிப் படிவம், டபிள்யூ-8பென். அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்களால் வந்த காசுக்குத்தான் அங்கே வரி. படிவம் நிரப்பாவிட்டால் உலகம் முழுவதாலும் வந்த காசில் 24 வீதம் வரை பிடிக்கலாம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதால், உங்கள் வரி இலக்கத்தை (டின்) போட்டு நிரப்பினால் பிடிக்கிற வீதம் குறையும். இங்கே உள்நாட்டில், வெளிநாட்டுக்குச் சேவை செய்து அந்நியக் காசாக வருகிற வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் உச்சம் 15 வீத வரி. மொத்த வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்குள் என்றால் தனிநபருக்கு வரி இல்லை.

நேரடியாக விற்பதில் வேறொரு முடிச்சு. அட்டையால் காசு வாங்கித் தருகிற ஸ்ட்ரைப் போன்ற சேவைகளில் இலங்கையிலிருந்து கணக்குத் திறக்க முடியாது. அதனால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற உறவினர் பெயரில் கணக்குத் திறந்து, அவர் உண்டியலிலோ (வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு மாற்றுவது) வங்கியிலோ அனுப்புவதுதான் நடைமுறை. வங்கியால் அனுப்பச் சொல்லுங்கள். பின்னாளில் வருமானத்துக்குச் சான்று கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். அந்தக் காசு அங்கே அவருடைய வருமானமாகப் பதியப்படும், அவர் அதற்கு வரி கட்டவேண்டி வரலாம். “மாமாதானே” என்று வாய்ப்பேச்சில் விட்டால் படமும் கெடும், உறவும் கெடும்.

படம் வெளிவருவதற்கு முதல், ஒரு தாளில் இவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள்: கணக்கு யார் பெயரில், கடவுச்சொல் யார் யாரிடம், வரிக்கு எவ்வளவு ஒதுக்குவது, எத்தனை மாதத்துக்கு ஒருதடவை கணக்குக் காட்டுவது. அதே தாளின் மறுபக்கத்தில், சம்பளம் வாங்காமல் நடித்த, லைட் பிடித்த, சமைத்த ஒவ்வொருவரின் பெயரும், வருகிற காசில் அவரவர் பங்கு எத்தனை வீதம் என்பதும்.